பழைய ராணுவ லாரி இன்ஜெக்டர்: கழற்றுவதும் சோதிப்பதும்



நம்ம லேபில் இருக்கும் நாசில் டெஸ்டரை எல்லோரும் ஒரு தடவையாவது அடித்துப் பார்த்திருப்போம். லீவரை அமுக்கினால் புகை மாதிரி ஒரு பீச்சல், மீட்டர் முள் 175-ல் ஒரு துள்ளல், ரெக்கார்டு நோட்டில் "ஸ்பிரே நன்று" என்று ஒரு வரி. அதோடு பரிசோதனை முடிந்தது. மார்க்குக்கு அது போதும். ஆனால் இருபது முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஏலத்துக்கு வந்த ஒரு லாரியின் இன்ஜெக்டரை அதே கண்ணோடு பார்த்தால் நல்ல நாசிலைக் குப்பையில் போடுவோம். கெட்டதை மாட்டி பிஸ்டனில் ஓட்டை விழ வைப்போம். ஒரு இன்ஜெக்டரைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அது எந்த மாதிரி எரிதலுக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும்.

சிவில், இ.இ.இ. நண்பர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் அடிப்படையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமொபைல்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும். பம்பிலிருந்து வரும் டீசல், நாசிலுக்குள் இருக்கும் நீடிலின் கூம்பான தோள் மேல் அழுத்துகிறது. மேலே ஒரு ஸ்பிரிங் நீடிலைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறது. டீசலின் பிரஷர் ஸ்பிரிங்கை மிஞ்சும் நொடியில் நீடில் தூக்கும், துளை வழியாக டீசல் பாயும். பிரஷர் விழுந்ததும் ஸ்பிரிங் நீடிலைச் சீட்டில் திரும்ப அறையும். நீடிலுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடுக்கில் கசியும் கொஞ்சம் டீசல்தான் நீடிலுக்கு ஆயில். அது ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும்.

எந்த லாரிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் நாட்டில் ராணுவ லாரி என்றதும் நினைவுக்கு வருவது சக்திமான். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் தயாரானது. முதலில் கன் கேரேஜ் ஃபேக்டரியிலும் பிறகு வெஹிக்கிள் ஃபேக்டரியிலும் செய்தார்கள். 1996-ல் உற்பத்தி நின்றது. அந்த இடத்துக்கு லேலண்ட் ஸ்டாலியனும் டாடா லாரிகளும் வந்தன. அமெரிக்காவில் இதற்குச் சமமான பெயர் எம்35. இரண்டரை டன் லாரி. மேடு பள்ளத்தில் ஏற்றக்கூடிய பாரத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. முதலில் பெட்ரோல் இன்ஜினோடு வந்தது. 1960-களில் மல்டிஃப்யூயல் இன்ஜின் வந்தது. எம்35ஏ2 மாடலில் இருப்பது கான்டினென்டல் வடிவமைத்த எல்.டி.465 வகை; ஆறு சிலிண்டர், சுமார் 7.8 லிட்டர். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் எல்லாவற்றிலும் ஓடும். அவசரத்துக்குப் பெட்ரோலிலும் ஓடும். போர்க்களத்தில் எது கிடைக்கிறதோ அதை ஊற்ற வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்த இன்ஜின்.

பெட்ரோலை டீசல் இன்ஜினில் ஊற்றினால் நாக் அடித்து இன்ஜின் உடையும் என்றுதானே படித்திருக்கிறோம்? இது எப்படி ஓடுகிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

சுவரில் பூசும் முறை

சாதாரண டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில் நாசிலுக்கு நாலைந்து துளை இருக்கும். டீசலை முடிந்தவரை பொடியாக்கிக் காற்றில் நாலாபுறமும் தூவுவதே அதன் வேலை. 1950-களில் எம்.ஏ.என். நிறுவனத்தில் மோய்ரர் என்ற பொறியாளர் இதைத் தலைகீழாக்கினார். பிஸ்டன் தலையில் பந்து வடிவத்தில் ஒரு குழி. உள்ளே வரும் காற்றை இன்லெட் போர்ட்டே சுழற்றிவிடுகிறது. நாசில், டீசலைக் காற்றின் நடுவே தூவாமல், சுழலும் திசையிலேயே குழியின் சுவரை ஒட்டிப் பாய்ச்சுகிறது. சுமார் 95 சதவீதம் சுவரில் மெல்லிய படலமாகப் படிகிறது. மீதி 5 சதவீதம்தான் காற்றில் கலந்து முதலில் தீப்பிடிக்கிறது. படலம் பிஸ்டன் சூட்டில் ஆவியாக ஆவியாக, சுழலும் காற்று அதைத் தோல் உரிக்கிற மாதிரி அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டு போய் எரிக்கிறது. மொத்தமாக டமாரென்று வெடிக்க அங்கே எரிபொருள் சேர்ந்து நிற்பதில்லை. ஆகவே நாக் இல்லை, பெட்ரோலைக்கூடத் தாங்குகிறது. சத்தமும் குறைவு. இதற்கு எம்-முறை என்று பெயர். எம்35ஏ2-வின் இன்ஜின் இந்த எம்.ஏ.என். முறையை உரிமம் வாங்கிச் செய்ததே. சக்திமானின் தாய் வீடும் அதே எம்.ஏ.என். என்பதால் அதன் வம்சத்து இன்ஜின்களைத் தொடும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது டெஸ்டருக்கு வாருங்கள். எம்-முறை நாசிலுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு துளைதான். டெஸ்டரில் மாட்டி அடித்தால் குடை மாதிரி விரியாது. ஒரு பக்கமாகத் தடித்த தாரை ஒன்று சாய்வாகப் போகும். லேலண்ட், டாடா நாசில் மட்டும் பார்த்துப் பழகிய கண் அதைப் பார்த்ததும் "மூணு ஓட்டை அடைச்சிருக்கு, ஒண்ணுதான் வேலை செய்யுது" என்று தீர்ப்பு சொல்லிவிடும். அதன் பிறகு ஊசி போட்டுக் குத்துவார்கள், துளை பெரிசாகும். நல்ல நாசில் அன்றோடு செத்தது. இல்லையென்றால் நூல் அளவு ஒத்துப்போகிற வேறு நாசிலைத் தேடிப் பிடித்து மாட்டுவார்கள். வண்டி ஓடும், ஆனால் சுவரில் படிய வேண்டிய டீசல் காற்றில் பறக்கும், இல்லாவிட்டால் குழியின் தப்பான இடத்தில் போய் அடிக்கும். புகை, நாக், கடைசியில் பிஸ்டன். ஆகவே டெஸ்டர் லீவரைத் தொடுவதற்கு முன் நாசில் மேல் பொறித்திருக்கும் நம்பரைத் துடைத்துப் படித்து, இன்ஜின் மேனுவலோடு ஒத்துப் பாருங்கள். படிக்க ஒரு லென்ஸ் வேண்டும். அவ்வளவுதான் செலவு.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா ராணுவ லாரி இன்ஜெக்டரையும் இந்த டெஸ்டரில் சோதிக்க முடியாது. எம்809, எம்939 ஆகிய அமெரிக்க 5 டன் லாரிகளில் கம்மின்ஸ் என்.எச்.சி.250 இன்ஜின் இருக்கிறது. அதில் பி.டி. முறை. பம்ப் குறைந்த பிரஷரில் டீசலைக் கொடுப்பதோடு சரி. கேம் ஷாஃப்ட் ராக்கர் மூலமாக இன்ஜெக்டர் பிளஞ்சரைக் குத்தி அங்கேயே உயர் பிரஷரை உண்டாக்குகிறது. அதில் ஸ்பிரிங் பிடித்த நீடில் கிடையாது, ஆகவே 'திறக்கும் பிரஷர்' என்று ஒன்றும் கிடையாது. அதற்கு வேறு ஸ்டாண்ட், வேறு சோதனை. இனி சொல்வதெல்லாம் நீடில் வகைக்கு மட்டும்.

மீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ராணுவ லாரியின் ஓடோமீட்டரில் 20,000 கிலோமீட்டர்தான் காட்டும். "அடடா, புது வண்டி மாதிரி" என்று தோன்றும். லாரி பஸ்ஸில் இன்ஜெக்டர் கெடுவது ஓடி ஓடித் தேய்ந்து. ராணுவ லாரியில் கெடுவது நின்று நின்று. ஷெட்டில் வருஷக்கணக்கில் நிற்கும். டேங்கின் காலி இடத்தில் ஈரம் வியர்த்துத் தண்ணீர் சேரும். பழைய டீசல் பிசின் மாதிரி ஆகிவிடும். நீடில் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அல்லது சீட்டில் ஒரு புள்ளி துரு விழும். அந்த ஒரு புள்ளி போதும், சொட்டு சொட்டாகக் கசிய. அதனால் இன்ஜெக்டரில் கை வைக்கும் முன் டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்ற வேண்டும். மல்டிஃப்யூயல் வண்டி என்றால் டேங்கில் கடைசியாக என்ன ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது, பெட்ரோல் கலந்திருக்கலாம். ஆகவே வடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வழிதான்: ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தினால் இன்ஜின் ஓட்டம் மாறவில்லையோ அதில்தான் கோளாறு. தளர்த்தும்போது நட்டை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்; விரலை மட்டும் வைக்காதீர்கள். எம்35ஏ2-வில் இதில் ஒரு சௌகரியம் உண்டு. அதன் அமெரிக்கன் பாஷ் பம்ப் ஒரே பிளஞ்சரால் ஆறு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசல் கொடுக்கிறது. நம்ம இன்லைன் பம்ப் போல ஆறு எலிமென்ட் இல்லை. பிளஞ்சர் தேய்ந்திருந்தால் ஆறும் படுக்க வேண்டும். ஒன்று மட்டும் படுத்தால் சந்தேகம் முதலில் இன்ஜெக்டர், பைப், கம்ப்ரஷன் பக்கம் போகும். இன்லைன் பம்பில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே 2-ம் நம்பர் இன்ஜெக்டரையும் 5-ம் நம்பரையும் இடம் மாற்றிப் பாருங்கள்; கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி இன்ஜெக்டர்.

கழற்றுதல், கழுவுதல்

கழற்றும் முன் சுற்றிலும் கழுவி ஊதிவிடுங்கள். பல வருஷ மண் அங்கே உட்கார்ந்திருக்கும். இன்ஜெக்டரைத் தூக்கியதும் நேராக சிலிண்டருக்குள் விழும். துருப்பிடித்து ஒட்டியிருந்தால் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள், ஸ்லைடு ஹேமர் போடுங்கள். ஒவ்வொன்றிலும் சிலிண்டர் நம்பர் எழுதி வையுங்கள். பைப் வாய்களை மூடுங்கள், ஆனால் பனியன் வேஸ்ட்டால் அல்ல. அதன் ஒரு நூல் போதும் புது நாசிலை அடைக்க.

அடியில் இருக்கும் காப்பர் வாஷர் இன்ஜெக்டரோடு வந்ததா என்று கட்டாயம் பாருங்கள். வராமல் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் மேலே இன்னொன்றைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். நாசில் ஒரு வாஷர் உயரம் மேலே ஏறிவிடும். எல்லா இன்ஜினிலும் இது தப்பு. எம்-முறையில் பெரிய தப்பு, ஏனென்றால் தாரை சுவரில் படும் இடமே மாறிவிடுகிறது.

பிரித்த பிறகு நீடிலும் பாடியும் கணவன் மனைவி மாதிரி. ஒன்றுக்கொன்று அரைத்துப் பொருத்திய ஜோடி. ஆறையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவி ஜோடி மாற்றினால் ஆறும் வீண். தனித்தனிக் கிண்ணம், சுத்தமான டீசல், பித்தளைப் பிரஷ், மரக்குச்சி. இரும்புப் பிரஷும் எமரி தாளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. துளைக்கு அளவுக்கேற்ற பிரிக்கர் கம்பி தனியாக விற்கிறது. கழுவி முடித்ததும் நீடிலை டீசலில் நனைத்துப் பாடியில் விட்டு, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, பாடியைச் சாய்வாகப் பிடியுங்கள். நீடில் தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் மேஸ்திரி இதைச் செய்து காட்டிவிட்டு, "தள்ளக் கூடாது தம்பி, அதுவா இறங்கணும்" என்பார். தொங்கி நின்றால் பிசினோ தூசியோ இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். நீடில் முனை நீலம் பாய்ந்திருந்தால் சூடேறி நாசமான கேஸ். ஜோடியாக மாற்ற வேண்டியதுதான்.

பழைய ராணுவ ஸ்டாக்கில் பெட்டி பிரிக்காத நாசில் கிடைப்பது உண்டு. புதுசுதான், ஆனால் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் உள்ளே கெட்டியாக இருக்கும். அதை முழுசாகக் கழுவாமல் மாட்டக் கூடாது. புதுசு என்பதற்காகச் சோதிக்காமலும் மாட்டக் கூடாது.

டெஸ்டரில்

முதலில் ஒரு பயமுறுத்தல், வேண்டுமென்றே. நாசிலிலிருந்து வரும் தாரைக்கு எதிரில் கையை நீட்டாதீர்கள். 200 பார் பிரஷரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இருக்காது. அதனால்தான் ஆளுங்க துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். சில மணி நேரத்தில் உள்ளே சதை வீங்கிச் சாகத் தொடங்கும். தாமதமானால் விரலையோ கையையோ எடுக்கும் நிலை வரும். யாருக்காவது பட்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. "உயர் பிரஷரில் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சின்னக் காயம் என்று நினைத்து டி.டி. ஊசியோடு அனுப்பிவிட வாய்ப்புண்டு. டெஸ்டருக்குக் கீழே தாரையைப் பிடிக்க ஒரு மூடின ஜாடி, கண்ணுக்குக் கண்ணாடி, அறையில் காற்றோட்டம் கட்டாயம். மூடுபனி மாதிரி மிதக்கும் எண்ணெய் தீப்பிடிக்கும், மூச்சுக்கும் ஆகாது. வண்டி பெட்ரோலில் ஓடும் என்பதற்காக டெஸ்டரில் பெட்ரோல் ஊற்றும் புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம். டெஸ்ட் ஆயில் மட்டும்.

முதல் சோதனை திறக்கும் பிரஷர். மீட்டர் வால்வைத் திறந்து லீவரை மெதுவாக அமுக்க, முள் ஏறி ஒரு இடத்தில் துள்ளி விழும், அதுதான் எண். பொதுவாகத் துளை நாசில்களுக்கு 175 முதல் 250 பார் வரை, பிண்டில் வகைக்கு 110 முதல் 130 வரை. ஆனால் உங்கள் இன்ஜினுக்கு மேனுவல் சொல்வதே எண். இங்கே அலகில் ஒரு வம்பு. நம்ம ஊர் கேலிபரேஷன் கடையில் "200 கிலோ" என்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்று அர்த்தம். அது 196 பார், அமெரிக்க மேனுவல் கணக்கில் சுமார் 2,845 பி.எஸ்.ஐ. கிலோவும் பாரும் மாறினால் பெரிய நஷ்டம் இல்லை. பி.எஸ்.ஐ. எண்ணைத் தோராயமாக மாற்றினால்தான் ஆபத்து, 14.2-ஆல் வகுத்தால் கிலோ, 14.5-ஆல் வகுத்தால் பார்.

பிரஷர் குறைந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இன்ஜெக்ஷன் முன்கூட்டியே தொடங்கும், டீசல் கூடுதலாகப் போகும். சில ஹோல்டரில் மேலே அட்ஜஸ்டிங் ஸ்குரூ இருக்கும், சிலவற்றில் ஷிம் போட வேண்டும். பல மாடல்களில் 0.05 மி.மீ. ஷிம் சுமார் 5 பார் ஏற்றும். புது ஸ்பிரிங் போட்டால் ஐந்து பத்து பார் கூடுதலாக வைப்பது வழக்கம், ஓடும்போது அது கொஞ்சம் அமர்ந்துவிடும் என்பதால். ஆறு இன்ஜெக்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது முக்கியம். ஒன்று 180, ஒன்று 210 என்றால் இன்ஜின் நொண்டும்.

அடுத்தது கசிவு. இதைத்தான் நம் லேபில் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். என் கருத்தில் நாலு சோதனையில் முதல் இடம் இதற்குத்தான். திறக்கும் பிரஷருக்கு 10 முதல் 20 பார் குறைவாக வைத்து 10 விநாடி பிடியுங்கள். நாசில் முனை லேசாக ஈரமாகலாம், ஆனால் சொட்டு விழக்கூடாது. சொட்டும் நாசில் சிலிண்டரில் என்ன செய்யும் தெரியுமா? எரிந்து முடிந்த பிறகும் டீசல் வடிந்துகொண்டே இருக்கும். லைனர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும். கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், டீசல் இறங்குகிறது என்று அர்த்தம். மிஞ்சினால் பிஸ்டன் தலையில் ஒரே இடத்தில் தீ நின்று எரிந்து ஓட்டை விழும்.

மூன்றாவது பேக் லீக். பிரஷரை ஏற்றிவிட்டு லீவரை விட்டுவிட்டு, குறிப்பிட்ட இரண்டு எண்களுக்கு நடுவே முள் இறங்க எத்தனை விநாடி என்று பாருங்கள். மேனுவல் எல்லையைவிட வேகமாக விழுந்தால் நீடில் தேய்ந்திருக்கிறது. ஆனால் டெஸ்டர் பைப் இணைப்பிலேயே கசிகிறதா என்று முதலில் துடைத்துப் பாருங்கள். பாதி நாசில்கள் இந்தக் காரணத்தால்தான் அநியாயமாகத் தண்டனை பெறுகின்றன.

கடைசியாக ஸ்பிரேயும் சத்தமும். மீட்டர் வால்வை மூடிவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மீட்டர் கெடும். நல்ல நாசில் மெதுவாக அமுக்கும்போது 'கிர்ர்ர்' என்று உறுமும். நீடில் தடையில்லாமல் ஏறி இறங்குகிறது என்பதற்கு அந்தச் சத்தம் சாட்சி. எல்லா வகையும் ஒரே மாதிரி உறுமாது. சிலது வேகமாக அடித்தால்தான் பேசும். தாரையின் வடிவத்தை முன்னே சொன்னபடி நாசில் நம்பரை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். எம்-முறை நாசிலில் நீங்கள் தேட வேண்டியது ஒழுங்கான, சிதறாத தாரை, சரியான திசை, நிறுத்தும்போது கூர்மையாக வெட்டுப்படுவது. ஆறையும் வரிசையாக அடித்துப் பார்த்தால் ஆறும் ஒரே மாதிரி போக வேண்டும். ஒன்று மட்டும் வேறு பக்கம் சாய்ந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

திரும்ப மாட்டுதல்

புது காப்பர் வாஷர், ஒன்றே ஒன்று. கிடைக்காத இடத்தில் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் மெத்தென்று ஆகும். நாசிலை ஹோல்டரில் திசை மாறாமல் உட்காரவைக்கும் டவல் பின் உடைந்திருந்தால் மேலே போகாதீர்கள். எம்-முறையில் தாரையின் திசையே எல்லாம். கேப் நட், கிளாம்ப் இரண்டுக்கும் டார்க் ரெஞ்ச் போடுங்கள். கிளாம்ப்பில் இரண்டு நட் இருந்தால் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கம் இழுத்து இறுக்கினால் நாசில் பாடி வளைந்து, டெஸ்டரில் நன்றாக இருந்த நீடில் இன்ஜினில் பிடித்துக்கொள்ளும்.

பைப் நட்டுகளை இன்ஜெக்டர் பக்கம் தளர்த்திவைத்து, காற்றுக் குமிழி நிற்கும் வரை கிராங்க் செய்து, பிறகு இறுக்குங்கள். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜெக்டர் அடியில் 'சிக் சிக்' என்று சத்தமோ கருப்பு நுரையோ வந்தால் வாஷர் உட்காரவில்லை. ரிட்டர்ன் லைனின் சின்ன ரப்பர் குழாய்கள் இந்த வயசு வண்டிகளில் பொரிந்துபோயிருக்கும், சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் திறக்கும் பிரஷர், பேக் லீக் விநாடி, நாசில் நம்பர், தேதி நான்கையும் ஒரு அட்டையில் எழுதி வண்டியின் டூல் பாக்ஸிலேயே போட்டு வையுங்கள்.